விறகுக் காடும் தண்ணீர்க் காடும்



நம் தோட்டங்களில் பால்மரக் காட்டைத் 'தீம்பார்' என்று சொல்கிறோம். "அப்பா தீம்பாருக்குப் போயிருக்கிறார்" என்று பிள்ளைகள் சொல்லும்போது, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. வெட்டுமரத்தைக் குறிக்கும் 'டிம்பர்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் முன்னோர் நாவில் இப்படித் திரிந்தது என்று சொல்வார்கள். அது உண்மையானால், நாம் நாள்தோறும் சொல்லும் அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது. பால்மரம் நடுவதற்கு முன் அங்கே வேறு மரங்கள் நின்றன. அவை வெட்டப்பட்டன. வெட்டிய இடத்திலேதான் நமக்குப் பிழைப்பு உண்டாயிற்று.

அந்தப் பழைய மரங்களுக்கு என்ன ஆயிற்று? அவற்றைக் காக்க அக்கால அரசு என்ன செய்தது? அந்த முயற்சி எங்கே தோற்றது, எங்கே வென்றது? இவற்றை இன்று சற்று ஆராய்ந்து பார்ப்போம். இதற்குச் சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். காரணம் உண்டு. பெரிய நாட்டில் ஒரு மூலையில் காடு அழிந்தாலும் மறு மூலையில் நின்றுகொண்டிருக்கும். இழப்பின் கணக்கு எளிதில் விளங்காது. சிங்கப்பூரோ சிறு தீவு. காலையில் தென்கரையிலிருந்து நடக்கத் தொடங்குபவர் மாலைக்குள் வடகரையை அடைந்துவிடலாம். அங்கே நடந்ததெல்லாம் உள்ளங்கை நெல்லிக்கனி போலத் தெரியும்.

முதலில் ஊர்ப் பெயர்களைக் கவனிப்போம். லிட்டில் இந்தியா என்று இன்று வழங்கும் சிராங்கூன் சாலை வட்டாரத்தை நம்மவர் 'தேக்கா' என்றே சொல்வர். அது தேக்கு மரத்தால் வந்த பெயர் என்று எண்ணத் தோன்றும். அப்படியன்று. மூங்கிற் புதர்களின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் சீனத் தொடரிலிருந்து வந்த பெயர் அது. ரோச்சோர் ஓடைக்கரையில் ஒரு காலத்தில் மூங்கில் அடர்ந்து நின்றதாம். தேக்காவிலிருந்து பேருந்து ஏறிச் சென்றால் தெம்பனீஸ், கிராஞ்சி, செம்பவாங், கம்போங் கிளாம் என்று பல ஊர்கள் வரும். இவை யாவும் மலாய் மொழியில் மரங்களின் பெயரால் எழுந்த ஊர்களே. தெம்பினிஸ் என்பது உறுதிமிக்க ஒரு மரம். கெலாம் மரத்தின் பட்டை படகுகளின் இடுக்குகளை அடைக்கப் பயன்பட்டது. மரங்கள் மறைந்தன, பெயர்கள் மட்டும் பேருந்துகளின் நெற்றியில் நிற்கின்றன.

1819ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோது, தீவு ஏறத்தாழ முழுவதும் காடாகவே இருந்தது. மேட்டு நிலத்தில் வானளாவிய பெருமரக் காடு. தாழ்நிலத்தில் சதுப்புக் காடு. கழிமுகங்களில் பாக்காவ் எனப்படும் கண்டற் காடு. அதே ஆண்டில் பினாங்கிலிருந்து அவரோடு வந்தவர் நாராயண பிள்ளை என்னும் தமிழர். அவர் தஞ்சோங் பகார் பக்கத்தில் செங்கற் சூளை ஒன்றை அமைத்தார். 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயிலுக்கும் அவரே முன்னோடி. பிற்காலத்தில் சிராங்கூன் சாலையோரத்திலும் செங்கற் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் பெருகின. அங்குள்ள வீரமாகாளியம்மன் கோயிலை அந்நாளில் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்று அழைத்தார்கள். சுண்ணாம்பு சுட்ட கம்பத்து மக்கள் கூடி வழிபட்ட இடம் என்பது அப்பெயரிலேயே விளங்கும்.

செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்துதான் நகரம் எழுந்தது என்று படிக்கிறோம். அவை எதில் வெந்தன என்று நாம் கேட்பதில்லை. விறகில் வெந்தன. சூளைக்கு விறகு, அடுப்புக்கு விறகு, வீட்டுக்கு உத்தரம், கப்பலுக்குப் பலகை, வேலிக்குக் கழி என எல்லாவற்றுக்கும் காடே கொடுத்தது. ஆனால் காட்டை மிகுதியாக விழுங்கியது சூளையன்று. கம்பிர் என்ற பயிர்.

கம்பிர் என்பது ஒரு கொடிச் செடி. அதன் இலையைப் பெரிய கொப்பரையில் இட்டுக் காய்ச்சினால் காசுக்கட்டி போன்ற ஒரு பொருள் கிடைக்கும். வெற்றிலையோடு மெல்லவும், தோல் பதனிடவும், சாயம் ஏற்றவும் அது பயன்பட்டது. சீனக் குடியானவர்கள் கம்பிரையும் மிளகையும் சேர்த்துப் பயிரிட்டார்கள். காய்ச்சிய இலைச் சக்கை மிளகுக் கொடிக்கு எருவாயிற்று. நல்ல திட்டம்தான். ஆனால் கொப்பரை எரிய நாள்தோறும் விறகு வேண்டும். எனவே பயிரிட்ட நிலத்தையொட்டிய காடும் வெட்டுண்டது. பதினைந்து இருபது ஆண்டுகளில் மண் சத்திழந்துவிடும். உடனே நிலத்தைக் கைவிட்டு, அடுத்த காட்டை வெட்டப் போய்விடுவார்கள். கைவிட்ட நிலத்தில் லாலான் புல் முளைக்கும். லாலானில் தீப்பிடித்தால் இளமரம் ஒன்றும் தலைதூக்காது. காட்டின் ஓரத்தில் மனிதர் புகுந்ததால் புலிகளும் மனிதரைத் தாக்கின. கம்பிர்த் தோட்டங்களில் நாளுக்கு ஓர் ஆள் புலிக்கு இரையாகிறான் என்றுகூட அக்காலத்தில் பேசப்பட்டது. தீவில் இடம் தீர்ந்ததும் கம்பிர்க்காரர்கள் ஜலசந்தியைக் கடந்து ஜோகூருக்குப் போனார்கள்.

இன்னொரு கதையையும் இங்கே சொல்லவேண்டும். பால்மரத் தொழில் செய்யும் நமக்கு இது நன்கு விளங்கும். கெத்தா பெர்ச்சா என்ற பாலைத் தரும் தாபான் மரம் சிங்கப்பூர்க் காட்டில் இருந்தது. அந்தப் பால் இறுகினால் கெட்டியாகும். வெந்நீரில் இட்டால் இளகும். மலாய்க்காரர்கள் அதைக் கத்திப்பிடி செய்யப் பயன்படுத்தி வந்தார்கள். மாண்ட்கோமரி என்ற மருத்துவர் 1843இல் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். கடலடியில் இடும் தந்திக் கம்பிக்கு உறையாக இது தகுந்தது என்பது சில ஆண்டுகளில் தெரியவந்தது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடித் தந்தி போடப்பட்டபோது, கம்பிக்கு உறையானது கெத்தா பெர்ச்சாதான். உலகமெங்கும் அதற்குக் கிராக்கி ஏறியது.

அந்தப் பாலை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? மரத்தை அடியோடு வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக வெட்டி, வடிந்ததைச் சேர்த்தார்கள். பல பத்தாண்டு வளர்ந்த மரம் ஒரே ஒருமுறை பால் கொடுத்துவிட்டு மாண்டது. சில ஆண்டுகளுக்குள் சிங்கப்பூரில் வெட்டுவதற்கு அம்மரம் கிடைப்பதே அரிதாயிற்று.

இதற்கு நேர்மாறானது நம் பால்வெட்டு. உளியை ஆழமாகப் பாய்ச்சாமல் மெல்லிய சீவலாக எடுக்கிறோம். மரக்கட்டையைக் காயப்படுத்தினால் கிராணி ஏசுவார். சீவிய பக்கத்தில் மறுபட்டை வளரும் வரை காத்திருந்து, மறு பக்கத்தில் வெட்டுகிறோம். அதனால் அதே மரம் ஆண்டுக்கணக்கில் நமக்குப் பால் தருகிறது. இம்முறையைச் சிங்கப்பூர்ப் பூமலையில் ஆராய்ந்து வகுத்தவர், 1888 முதல் 1911 வரை அங்கே தலைவராக இருந்த ரிட்லி. எடுப்பதையும் எடுக்கவேண்டும், மரமும் நிற்கவேண்டும் என்றால், எடுத்தது மீண்டும் வளரும் அளவுக்கு மேல் எடுக்கலாகாது. ஒரு மரத்துக்குச் சொல்லும் இவ்விதியை ஒரு காட்டுக்கு விரித்துச் சொன்னால், அதுவே காட்டைக் கெடுக்காமல் மரம் வெட்டும் முறை. பால்வெட்டும் கைகளுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

காடு தேய்வதை அக்காலத்து ஆட்சியாளர் சிலர் கவனிக்காமல் இல்லை. மலைக்காடு அழிந்தால் மழையும் ஊற்றும் கெடும் என்று பினாங்கைப் பற்றி ஜே. ஆர். லோகன் என்பவர் 1848இலேயே எழுதினார். ஆயினும் அரசு முறையாக எழுந்து நடந்தது 1880களில்தான். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் ஒரே அரசின் கீழ் இருந்த காலம் அது. பூமலைக் கண்காணிப்பாளராக இருந்த நதானியேல் கான்ட்லியிடம் காடுகளைப் பார்த்து அறிக்கை தரும்படி அரசு பணித்தது. அவர் 1883இல் அறிக்கை அளித்தார். சிங்கப்பூரின் பழங்காட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட எஞ்சவில்லை. எஞ்சியதும் திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடந்தது. தீவில் ஆட்சி ஏற்பட்டு அறுபத்து நான்கே ஆண்டுகள்! ஒரு மனிதனின் ஆயுளுக்குள் ஒரு காடு முடிந்தது.

அறிக்கையின் பயனாகக் காட்டுத் துறை ஏற்பட்டது. புக்கிட் தீமா, சாங்கி, செம்பவாங், மண்டாய், பாண்டான், கிராஞ்சி முதலிய இடங்களில் காப்புக்காடுகள் வரையறுக்கப்பட்டன. எல்லைகள் வெட்டித் துப்புரவாக்கப்பட்டன. காவலர்கள் நியமிக்கப்பட்டனர். நாற்றங்கால் அமைத்துப் பயனுள்ள மரக்கன்றுகளை வளர்த்து, வெறுமையான இடங்களில் நட்டார்கள். நகரத்துக்கு மரமும் விறகும் தொடர்ந்து கிடைக்கவேண்டும், காடும் அழியலாகாது என்பதே நோக்கம். கேட்பதற்கு எவ்வளவு சிறந்த திட்டம்!

ஆனால் நடந்தது வேறு. லாலானில் மூண்ட தீ நட்ட கன்றுகளைத் தின்றது. காவலர் சிலர், காடோ பல இடங்களில். திருட்டு வெட்டு ஓயவில்லை. கான்ட்லி 1888இல் காலமானார். 1890களின் நடுவில் காட்டுப் பொறுப்பு பூமலையை விட்டு நில வருவாய் அலுவலகத்துக்குப் போயிற்று. இந்த மாற்றத்தைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். தோட்டக்காரன் கையிலிருந்த பொருள், கணக்கன் கைக்கு மாறிவிட்டது. மரம் வளரும் காலத்தை அறிந்தவன் காடு என்று பார்த்ததை, வரி வசூலிப்பவன் நிலம் என்று பார்த்தான். காப்புக்காடு என்பது, வேறு தேவை வரும்வரை விட்டுவைத்த நிலமாகிவிட்டது.

தேவையும் வந்தது. 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 பால்மரக் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. ரிட்லி அவற்றைப் பெருக்கினார். காண்பவரிடமெல்லாம் விதையைக் கொடுத்து நடச் சொன்னதால், சிலர் அவரைப் பித்தர் என்று கேலி பேசினர். மோட்டார் வண்டிகள் பெருகி 1900களின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியதும் கேலி பேசியவர்களும் நிலம் தேடி ஓடினார்கள். மண்டாய், செம்பவாங், நீ சூன் பக்கமெல்லாம் பால்மரக் காடாயிற்று. கம்பிர் விட்டுச்சென்ற லாலான் மேட்டில் பாதியும், மிஞ்சிய காட்டில் பாதியுமாகப் பால்மரம் ஏறியது. அந்த மரங்களைச் சீவத்தான் தமிழ்நாட்டிலிருந்து நம் பாட்டன்மார் கப்பலேறினார்கள். மரக்காட்டைக் காக்கவேண்டிய அதே பூமலைதான் பால்மரத்தையும் பரப்பியது என்பது வரலாற்றின் விந்தை. நம் பிழைப்பின் வேரும் அங்கேதான் இருக்கிறது என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

1936ஆம் ஆண்டளவில் புக்கிட் தீமா ஒன்று நீங்கலாக மற்றக் காப்புக்காடுகள் கைவிடப்பட்டுவிட்டன. மரம் விற்ற வருவாய் அவற்றைக் காக்கும் செலவுக்குக்கூட ஈடு கொடுக்கவில்லை. ஐம்பது ஆண்டு முயற்சி இவ்வாறு முடிந்தது. 1930களின் இறுதியில்தான் புக்கிட் தீமா, பாண்டான், கிராஞ்சி ஆகிய மூன்றும் மீண்டும் பூமலைத் தலைவரின் பொறுப்புக்கு வந்தன. இம்முறை மரத்துக்காக அன்று, அங்குள்ள செடிகொடி உயிர்களைக் காப்பதற்காக. அந்தப் புக்கிட் தீமா எத்தகைய காடு என்பதற்கு ஒரு சான்று போதும். 1854இல் வாலஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் அங்கே தங்கியிருந்தார். ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்புக்குள், இரண்டு மாதங்களில், வண்டினத்தில் மட்டும் சுமார் 700 வகைகளைத் திரட்டினார். மரம் அறுப்போர் விட்டுச்சென்ற பட்டையும் தூளும்கூட வண்டுகளுக்கு உணவாயின என்று அவர் குறித்துவைத்திருக்கிறார்.

நேயர்களே, இதுவரை சொன்னது விறகுக் காட்டின் கதை. இனித் தண்ணீர்க் காட்டின் கதைக்கு வருவோம்.

நகரம் வளர வளரக் கிணறுகள் கெட்டன. 1857இல் தான் கிம் செங் என்ற சீன வணிகர், நகருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர 13,000 வெள்ளி நன்கொடை அளித்தார். தாம்சன் சாலைக்கு அருகே முதல் நீர்த்தேக்கம் 1868இல் கட்டி முடிக்கப்பட்டது. நகராண்மைக் கழகம் 1890களில் அதைப் பெரிதாக்கியது. அப்பணியைச் செய்த பொறியாளரின் பெயரால் அது இன்று மெக்ரிட்சி நீர்த்தேக்கம் எனப்படுகிறது. காலாங் ஆற்றின் மேற்பகுதியில் 1910களில் மற்றொன்றும், பின்னர் சிலேத்தாரில் வேறொன்றும் எழுந்தன.

தேக்கம் கட்டினால் மட்டும் போதுமா? மழைநீர் வந்து சேரும் மேட்டு நிலம் வெட்டவெளியாக இருந்தால், மண் கரைந்து தேக்கத்தை மூடிவிடும். உழுத நிலத்தின் எருவும் அழுக்கும் குடிநீரில் கலக்கும். ஆகவே நகராண்மைக் கழகம் நீர்ப்பிடிப்பு நிலங்களைத் தன் பொறுப்பில் கொண்டுவந்தது. அங்கே பயிரிடுவதைத் தடுத்தது. பழைய கம்பிர் நிலங்கள் சும்மா விடப்பட்டன. சும்மா விட்ட நிலத்தில் முதலில் புதர் வந்தது. பிறகு மரம் வந்தது. எஞ்சிய பழங்காட்டோடு கைகோத்தது. இன்று தீவின் நடுவில் 2,000 எக்டருக்கு மேல் பரந்து நிற்கும் காடு இப்படிப் பிழைத்ததுதான். அந்நாளில் நகராண்மைக் கழகத்தின் சாலைப் பணியிலும் துப்புரவுப் பணியிலும் பெருந்தொகையாக உழைத்தவர்கள் நம்மவர்கள். தேக்காவைச் சுற்றி அவர்களில் பலர் குடியிருந்தார்கள். அவர்கள் வீட்டுக் குழாயில் வந்த தண்ணீரின் பின்னால் அந்தக் காடு நின்றது.

ஒரே தீவு, ஒரே காலம், ஒரே வகைக் காடு. மரத்துக்காக ஒதுக்கிய காடு போயிற்று. தண்ணீருக்காக ஒதுக்கிய காடு நின்றது. ஏன்?

மரத்தை வாங்குபவருக்குச் சிங்கப்பூர்க் காடு தேவையில்லை. இங்கே இல்லாவிட்டால் ஜோகூரிலிருந்தோ சுமத்ராவிலிருந்தோ வரும். ரோச்சோர், காலாங் ஆற்றங்கரை மரவாடிகளுக்குக் கட்டைகள் படகில் வந்துகொண்டே இருந்தன. எனவே உள்ளூர்க் காடு அழிந்தாலும் நகரத்தில் ஒருவருக்கும் வலிக்கவில்லை. வெட்டிய மரம் மீண்டும் வளர 50, 60 ஆண்டுகள் காத்திருப்பவரும் இல்லை. தண்ணீர் அப்படியன்று. காலையில் குழாயைத் திறந்தால் வரவேண்டும். வராவிட்டால் சீமானும் கேட்பான், கூலியும் கேட்பான். நகராண்மைக் கழகம் அன்றே பதில் சொல்லியாக வேண்டும். தங்களுக்கு நாள்தோறும் தேவைப்படும் ஒன்றை மக்கள் விடமாட்டார்கள்; மக்கள் விடாததை ஆட்சியும் எளிதில் விற்க முடியாது. அந்தக் காட்டைக் காத்த காவலர்கள் உண்மையில் நகரத்து மக்களின் குடங்கள்தாம்.

அப்படியானால், மரம் வெட்டும் காடு எதுவுமே நிலைக்காதா என்ற கேள்வி எழும். நிலைக்கும். அதற்குச் சான்று நம் மலேசியாவிலேயே இருக்கிறது. பேராக் மாநிலத்தில் மாத்தாங் என்ற கண்டற் காடு 40,000 எக்டர் அளவுக்குப் பரந்திருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் அது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. அங்கே மரம் வெட்டாமல் இல்லை. கரிக்காக ஆண்டுதோறும் வெட்டுகிறார்கள். ஆனால் ஒரு பகுதியை வெட்டினால், மறுபடி அங்கே வெட்ட ஏறத்தாழ 30 ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். இடையில் 15ஆம் ஆண்டிலும் 20ஆம் ஆண்டிலும் நெருக்கமான மரங்களைக் களைந்து கழிகளாக எடுப்பார்கள். தானாக முளைக்காத இடத்தில் கன்று நடுவார்கள். ஆற்றங்கரையோர மரங்களை விட்டுவைப்பார்கள். எந்த ஆண்டு எந்தப் பகுதி, யாருக்கு என்பது பத்தாண்டுத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். மாநிலக் காட்டுத் துறை இதை மேற்பார்க்கிறது. கோலா செப்பத்தாங் சென்றால் கவிழ்த்த பானை போன்ற கரிச் சூளைகளை இன்றும் காணலாம். குறையே இல்லாத ஏற்பாடு என்று சொல்லமாட்டோம். விளைச்சல் முன்போல் இல்லை என்று ஆராய்ச்சியாளர் சிலர் எச்சரிக்கின்றனர். ஆயினும் நூறு ஆண்டுக்கு மேல் வெட்டியும் நிற்கிற காடு அது. காரணம் என்ன? அந்தக் கரிச் சூளைக்காரனும் படகுக்காரனும் மீனவனும் அதே காட்டை நம்பி அங்கேயே வாழ்கிறார்கள். அடுத்த வெட்டு வரும்போது அறுவடை செய்யப்போவது தங்கள் பிள்ளைகளே என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்னும் ஒரு படி மேலே சென்று, காட்டை ஊரார் கையிலேயே ஒப்படைத்த இடமும் உண்டு. இந்தியாவின் வடக்கே, இமயமலைச் சாரலில் குமாவோன் என்ற பகுதி. அங்கே ஆங்கிலேய அரசு காட்டை அடைத்து, ஊரார் புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் தடை விதித்தது. மக்கள் கொதித்தெழுந்தனர். 1921இல் காடுகள் பல தீக்கிரையாயின. பிறகு அரசு இறங்கிவந்து, 1931இல் விதிகள் வகுத்தது. ஊர் மக்கள் தங்களுக்குள் ஒரு பஞ்சாயத்தைத் தேர்ந்தெடுத்து, ஊரையொட்டிய காட்டைத் தாங்களே நடத்தலாம் என்றது. எந்த நாளில் புல் அறுக்கலாம், வீட்டுக்கு எவ்வளவு விறகு, மீறினால் என்ன தண்டம், காவலுக்கு யார் என்பதையெல்லாம் அந்தப் பஞ்சாயத்தே முடிவு செய்யும். வன பஞ்சாயத்து என்ற அந்த ஏற்பாடு பல ஆயிரம் ஊர்களில் இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் 1997 முதல் கிராம வனக் குழுக்கள் ஏற்படுத்தப்பட்டன. எல்லாக் குழுவும் நன்றாக நடக்கிறது என்று சொல்வதற்கில்லை. ஆனால் தடை போட்டபோது காட்டுக்குத் தீ வைத்த அதே ஊரார், பொறுப்பு வந்தபோது காட்டுக்குக் காவல் நின்றார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மீண்டும் சிங்கப்பூருக்கு வருவோம். 1951இல் இயற்கைக் காப்பகச் சட்டம் இயற்றப்பட்டது. புக்கிட் தீமா, நீர்ப்பிடிப்புக் காடு, பாண்டான், கிராஞ்சி, லாப்ரடோர் ஆகிய ஐந்தும் அதன் கீழ் வந்தன. சட்டம் இருந்தும், நாடு தொழில்மயமானபோது பாண்டான், கிராஞ்சி கண்டற் காடுகள் காப்பகப் பட்டியலிலிருந்து மறைந்தன. 1986இல் திறக்கப்பட்ட விரைவுச்சாலை புக்கிட் தீமாக் காட்டையும் நீர்ப்பிடிப்புக் காட்டையும் இரண்டாகப் பிளந்தது. சட்டம் மட்டும் காடு காக்காது என்பதற்கு இவை சான்று.

பின்னர் ஒரு மாற்றம் வந்தது. 1992இல் கீழைப் பியர்ஸ் நீர்த்தேக்கத்தையொட்டிக் காட்டை வெட்டிக் கோல்ஃப் மைதானம் அமைக்கும் திட்டம் எழுந்தது. இயற்கை ஆர்வலர் சங்கத்தினர் அங்குள்ள மரங்களையும் உயிரினங்களையும் ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து அறிக்கை எழுதினார்கள். பொதுமக்கள் 17,000 பேர் கையொப்பமிட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. கூச்சல் இல்லை, கல்லெறி இல்லை. கணக்கும் கையெழுத்தும் போதுமானவையாக இருந்தன. விரைவுச்சாலையால் பிளவுண்ட காடுகளை இணைக்க, 2013இல் சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டப்பட்டது. அதில் வண்டி ஓடாது, மனிதர் நடப்பதில்லை. மண் நிரப்பி மரம் நட்டிருக்கிறார்கள். எறும்புதின்னியும் புனுகுப்பூனையும் அதன்வழியே இக்காட்டிலிருந்து அக்காட்டுக்குப் போய்வருகின்றன.

புக்கிட் தீமாவில் இன்று இருப்பது 163 எக்டர். தீவு முழுவதிலும் வெட்டுப்படாத பழங்காடு நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. சாலையோர மரங்களும் பூங்காக்களும் ஏராளம். 1963 முதல் மரம் நடுவது அங்கே நாட்டுப் பணியாகவே நடந்துவருகிறது. அவை நிழல் தரும், கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். ஆனால் நட்ட மரங்களின் கூட்டம் காடாகிவிடாது என்பது பால்மரத் தோட்டத்தில் வாழும் நமக்குத் தெரியாததா? வரிசையாக நிற்கும் ஆயிரம் மரத்தின் அடியில் ஒரு மூலிகையைத் தேடிப் பார்த்தால் புரியும்.

இவற்றிலிருந்து நமக்கு வேண்டியது என்ன? தோட்டங்கள் கைமாறுகின்றன, துண்டாடப்படுகின்றன, வீட்டுமனைகளாகின்றன. தோட்டத்தின் ஓரத்தில், மேட்டில் அல்லது ஆற்றங்கரையில், யாரும் பொருட்படுத்தாத ஒரு துண்டுக் காடு பல இடங்களில் இன்னும் இருக்கிறது. அதிலிருந்து ஓர் ஓடை வருகிறது. அது யார் பொறுப்பில் இருக்கிறது? நகராண்மைக் கழகமா, மாவட்ட அலுவலகமா, மாநிலக் காட்டுத் துறையா, கம்பெனியா? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாத பொருளைக் கேட்க முடியாது. கேட்காத பொருளைக் காக்க முடியாது.

ஆகவே பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தத் துண்டுக் காட்டில் என்னென்ன மரங்கள் உள்ளன, உங்கள் காலத்தில் அந்த ஓடை எவ்வளவு ஓடியது, இன்று எவ்வளவு ஓடுகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளே, நீங்கள் அதைப் பயிற்சிப் புத்தகத்தில் நாள் போட்டு எழுதிவையுங்கள். 1992இல் சிங்கப்பூரில் அந்தக் காட்டைக் காப்பாற்றியதும் இப்படி எழுதிய கணக்குத்தான். ஒருநாள் யாராவது அளவுச்சங்கிலியோடு வந்து நின்றால், அந்தக் காட்டைப் பற்றிச் சொல்ல நம்மிடமும் ஓர் எழுத்து இருக்கவேண்டும்.